மலைக்குச் செல்லும் விருந்தினர்

நுழையும்முன்

மலையும் ஆறும் மனிதர்க்கு ஓய்வளிக்கின்றன. ஓய்வு தேடிச் செல்வோர் அம்மலைக்கும் ஆற்றுக்கும் எதைத் திருப்பித் தருகின்றனர்? துறையூரை அடுத்துள்ள பச்சைமலையையும் புளியஞ்சோலையையும் முன்வைத்து இக்கேள்வியை ஆராய்கிறது இக்கட்டுரை.

விருந்தோம்பல் தமிழரின் பண்பாட்டு அடையாளம். திருக்குறள் அதற்கென ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளது. விருந்தினரை வரவேற்பவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அறநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. விருந்தினராகச் செல்பவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் சொல்லாமலே கற்றுக்கொடுத்து வந்தது. உறவினர் வீட்டிற்கு வெறுங்கையோடு செல்லக் கூடாது. உண்டபின் இலையை மடித்துவிட வேண்டும். வீட்டார்க்குச் சுமையாகும் அளவிற்குத் தங்கக் கூடாது. இவை எழுதப்படாத சட்டங்கள். ஆனால், மலைக்கும் ஆற்றுக்கும் இன்பச் சுற்றுலா செல்வோருள் பலர் இச்சட்டங்களைத் தம் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் புறப்படுகின்றனர். அங்கே தம்மை வரவேற்பவர் எவரும் இல்லை என்றும், அது யாருடைய வீடும் அன்று என்றும் எண்ணிக்கொள்வதே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் தவறானது. மலைக்கும் ஆற்றுக்கும் செல்பவர் எவராயினும் அவர் விருந்தினரே. விருந்தினர்க்குரிய அறத்தை அவர் கைக்கொள்ளும்வரை எந்த மலையும் நெடுங்காலம் மலையாக நீடிக்க இயலாது.

துறையூரின் இரு மலைகள்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்துள்ளது துறையூர். நீரில் இறங்கும் இடம் என்பது ‘துறை’ என்னும் சொல்லின் பொருள்களுள் ஒன்று. இவ்வூருக்கு வடக்கே பச்சைமலையும் வடமேற்கே கொல்லிமலையும் அரண்போல் நிற்கின்றன. இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் இடையறாது நீள்வது. கிழக்குத் தொடர்ச்சி மலையோ துண்டு துண்டாகப் பிரிந்து நிற்பது. சவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என ஒவ்வொன்றும் சமவெளிக்கு நடுவே தனித்தனித் தீவாக விளங்குகிறது.

பச்சைமலை திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் முதல் 1000 மீட்டர் வரை உயரம் கொண்டது. டாப் செங்காட்டுப்பட்டி இம்மலைமேல் உள்ள முதன்மையான ஊர்களுள் ஒன்று. வண்ணாடு, கோம்பை, தென்பரநாடு எனப் பல பகுதிகளாக மலையூர்கள் அறியப்படுகின்றன. மங்களம் அருவி, பெரம்பலூர் பக்கத்து மயிலூற்று அருவி ஆகியவை மழைக்காலத்தில் உயிர்பெறுகின்றன.

கொல்லிமலையின் பெரும்பகுதி நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அதன் உச்சிப் பகுதியில் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாயகங்கை அருவியின் நீர், அய்யாறாகப் பள்ளத்தாக்கில் இறங்கித் துறையூர் வட்டாரத்தில் மலையடிவாரத்தைத் தொடுகிறது. அவ்விடமே புளியஞ்சோலை. உருண்டு மழுங்கிய பாறைகள், அவற்றிடையே தெளிந்து ஓடும் நீர், இருபுறமும் நிழல்தரும் மரங்கள் என அமைந்த அவ்விடத்திற்கு விடுமுறை நாள்களில் திருச்சிராப்பள்ளி, முசிறி, துறையூர், நாமக்கல் பகுதிகளிலிருந்து மக்கள் திரள்கின்றனர். ஆடிப்பெருக்கை ஒட்டி இங்கிருந்து காட்டுவழியே மலையேறி அறப்பளீசுவரர் கோவிலுக்குச் செல்லும் வழக்கமும் உண்டு.

நீரைச் சேமிக்கும் காடு

புளியஞ்சோலையில் நீராடுவோர் காண்பது ஓடும் நீரை மட்டுமே. அந்நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால்தான் அதன் அருமை விளங்கும். மழைநீர் மொட்டைப் பாறைமேல் விழுந்தால் சில மணி நேரத்தில் வழிந்தோடிவிடும். காட்டில் விழும் மழை அவ்வாறு ஓடுவதில்லை. மரக்கிளைகள் அதன் வேகத்தைத் தணிக்கின்றன. தரையில் உதிர்ந்து மக்கிய சருகுகள் அதை உறிஞ்சுகின்றன. வேர்கள் துளைத்த மண்ணின் வழியாக நீர் உள்ளிறங்கிப் பாறை வெடிப்புகளில் தங்குகிறது. பின்னர்ச் சிறுகச் சிறுகக் கசிந்து ஓடையாகிறது. மழை நின்று பல வாரங்கள் கழிந்தபின்னும் ஆற்றில் நீர் ஓடுவது இதனால்தான்.

ஆகவே, மலைக்காடு என்பது மரங்களின் கூட்டம் மட்டுமன்று. அது நீரைச் சேமிக்கும் களஞ்சியம். இக்களஞ்சியத்தை நம்பியே அடிவாரத்துக் கிணறுகளும் ஏரிகளும் வயல்களும் உள்ளன. ஒரு சரிவில் காடு அழிந்தால் இரண்டு கேடுகள் ஒருங்கே நேர்கின்றன. மழைக்காலத்தில் வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு பாய்கிறது. கோடையில் ஓடை வறண்டுபோகிறது. வெள்ளமும் வறட்சியும் ஒன்றுக்கொன்று மாறானவை என்பர். மரமிழந்த மலையில் அவை இரண்டும் ஒரு காரணத்தின் இரு விளைவுகளே.

மற்றோர் உண்மையும் உண்டு. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலையுச்சியில் பெருமழை பெய்யலாம். அந்நீர் திடீரென இறங்கி ஆற்றின் மட்டத்தை விரைவில் உயர்த்திவிடும். நீர்வரத்து மிகும் நாள்களில் ஆற்றில் இறங்க வனத்துறை தடை விதிப்பது இதனால்தான். அத்தடையைத் தம் மகிழ்ச்சிக்கு இடையூறாகக் கருதுவோர் ஆற்றின் இயல்பை அறியாதவர்.

உடன்வாழும் உயிர்கள்

மலையில் வாழும் உயிர்கள் என்றதும் புலியும் யானையும் மட்டுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. அவற்றைக் காண இயலாத காடு வெறும் காடு என்று சலித்துக்கொள்வோரும் உளர். காட்டைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் சிற்றுயிர்களே. மயில், காட்டுக்கோழி, சின்னான், முயல், காட்டுப்பன்றி, உடும்பு ஆகியவை இக்குன்றுகளின் இயல்பான குடிகள். தென்னிந்தியாவிற்கே உரிய நாட்டுக்குரங்குகள் சாலையோரங்களில் கூட்டமாகத் திரிகின்றன.

வண்ணத்துப்பூச்சிகளை எடுத்துக்கொள்வோம். திருவரங்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட நிலத்தில் வனத்துறை அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்குச் செல்வோர் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சியும் தனக்கென உரிய செடியில்தான் முட்டையிடும். எருக்கஞ்செடியை நாடும் இனம் வேறு. எலுமிச்சை, கறிவேப்பிலையை நாடும் இனம் வேறு. ஆடுதீண்டாப்பாளையை நாடும் இனம் வேறு. ‘புதர்’ என்று வெட்டி எறியப்படும் செடி ஓர் உயிரினத்தின் தொட்டிலாக இருக்கலாம். சுற்றுலா இடத்தைத் தூய்மைப்படுத்துகிறோம் என்று புதர்களை அகற்றிப் புல்தரையும் அழகுச்செடிகளும் அமைத்தால், கண்ணுக்கு அழகு கூடும். காடு தன் குடிகளை இழக்கும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கடவூர்ப் பகுதியில் 11,806 எக்டேர் பரப்பைத் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு அறிவித்தது. தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் இந்தியாவில் இதுவே. கையளவே உள்ள, இரவில் மட்டும் நடமாடும் ஓர் உயிருக்காக அவ்வளவு நிலம் காக்கப்படுகிறது. கிளைக்குக் கிளை தாவாமல் பற்றிப் பற்றி நகரும் அவ்விலங்கிற்கு மரங்களின் தொடர்ச்சி தேவை. இடையில் ஒரு சாலை அகன்றாலும் அதன் உலகம் இரண்டாகப் பிளந்துவிடும். வறண்ட குன்றுகளும் காக்கத்தக்கவை என்பதை இவ்வறிவிப்பு உணர்த்துகிறது.

மகிழ்ச்சியின் மறுபக்கம்

ஆற்றில் குளிப்பது தவறன்று. எண்ணெய் தேய்த்துச் சீயக்காயிட்டு ஆற்றில் குளித்த மரபு தமிழர்க்கு உண்டு. ஆயினும், அன்று குளித்தவர் ஒருசிலர். இன்று ஒரே நாளில் ஒரே மடுவில் இறங்குவோர் ஏராளமானோர். வழலைக் கட்டியும் தலைக்கழுவும் நீர்மமும் கலந்த நீரில் நுரை மிதக்கிறது. நீரின் மேற்பரப்பில் நடந்து திரியும் பூச்சிகளால் அந்நீரில் நிற்க இயலாது. பாறையடியில் வளரும் தட்டான்பூச்சியின் இளம் உயிரிகளும் மீன்முட்டைகளும் கெடுகின்றன. அதே நீர்தான் கீழே உள்ள ஊர்களை நோக்கி ஓடுகிறது.

கரையில் அடுப்பு மூட்டிச் சமைத்து உண்பது மற்றொரு வழக்கம். அணையாத கங்கு கோடையில் சருகுகளைப் பற்றினால் என்ன நேரும் என்பதை எளிதில் உணரலாம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பரவிய காட்டுத்தீ, மலையேற்றம் சென்றோர் பலரின் உயிரைக் குடித்தது. காட்டில் தீ எவ்வளவு விரைந்து பரவும் என்பதற்கு அது கொடிய சான்று. உண்டபின் எறியப்படும் நெகிழித் தட்டுகளும் குவளைகளும் முதல் மழையில் ஆற்றில் சேர்கின்றன. உடைந்த கண்ணாடிப் புட்டிகள் மணலுக்குள் புதைந்து கிடந்து, அடுத்து வரும் குழந்தையின் காலைக் கிழிக்கின்றன. ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்படும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கித் தடை நடைமுறையில் உள்ளது. சட்டம் இருந்தும் குப்பை குறையவில்லையெனில், குறை சட்டத்தில் இல்லை, மனப்பாங்கில் உள்ளது.

குரங்குகளுக்கு உணவளிப்பதைச் சிலர் அறமாகவே கருதுகின்றனர். காட்டில் கனியும் தளிரும் தேடி உண்ண வேண்டிய குரங்கு, சாலையோரத்தில் பொட்டலங்களுக்காகக் காத்திருக்கப் பழகுகிறது. விதைகளைப் பரப்பும் தன் பணியை மறக்கிறது. வண்டிகளில் அடிபடுகிறது. கிடைக்காதபோது பறிக்கவும் கடிக்கவும் துணிகிறது. பின்னர் அதே மனிதர் அதனைத் தொல்லை என்று குற்றம் சாட்டுகின்றனர். பசியில்லாத உயிருக்கு உணவிட்டு அதன் வாழ்வைக் குலைப்பது ஈகையாகாது.

இரண்டு மறுப்புகள்

மலைக்கும் ஆற்றுக்கும் வருவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்று சொன்னால் இரண்டு மறுப்புகள் எழும். இரண்டும் புறந்தள்ளத்தக்கவை அல்ல.

செல்வர்க்குக் கோடை வாழிடங்களும் வெளிநாடுகளும் உண்டு. ஆண்டில் ஒருநாள் சோறு கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறும் எளிய குடும்பத்திற்குப் புளியஞ்சோலையை விட்டால் வேறென்ன உண்டு என்பது முதல் மறுப்பு. இது நியாயமான கேள்வி. ஓய்வு செல்வரின் உடைமையன்று. உழைப்பவர் ஒவ்வொருவரின் உரிமை. எனவே, கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைப்பது அநீதியாகும். வரம்பு பணத்தால் அமையக் கூடாது. எண்ணிக்கையால் அமைய வேண்டும். ஒரு நாளில் இத்தனை பேர், இத்தனை வண்டிகள் என்று வகுத்து, முன்பதிவு செய்தவர்க்குக் குறைந்த கட்டணத்தில் இடமளிக்கலாம். தனி வண்டிகளைவிட அரசுப் பேருந்தில் வருவோர்க்கு முன்னுரிமை தரலாம். அவ்வாறு செய்தால், தெளிந்த நீரும் நெரிசலற்ற கரையும் எளியவர்க்கும் கிட்டும். கலங்கிய ஆற்றை எல்லார்க்கும் திறந்துவிடுவது சமத்துவமன்று.

சுற்றுலா பெருகினால்தானே மலைவாழ் மக்களுக்கு வருவாய் பெருகும் என்பது இரண்டாம் மறுப்பு. பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் வாழ்பவர் மலையாளிப் பழங்குடியினர். மலையில் வாழ்பவர் என்னும் பொருளில் அமைந்த இப்பெயருக்கும் கேரள மக்களைக் குறிக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. சாமை, தினை போன்ற சிறுதானியங்களை விளைவித்து வந்த இம்மக்கள், பணப்பயிராகிய மரவள்ளியையும் முந்திரியையும் பயிரிடலாயினர். மழையையும் சந்தை விலையையும் நம்பி வாழும் அவர்களுக்குக் கூடுதல் வருவாய் தேவை என்பதில் ஐயமில்லை. அவ்வருவாய் யாரிடம் சேர்கிறது என்பதே கேள்வி. வெளியூர் முதலீட்டாளர் விடுதி கட்டி, மலையூர் இளைஞர் அங்கே எச்சில் தட்டு எடுப்பது வளர்ச்சியாகுமா?

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். மலையூர்க் குழந்தை பள்ளிக்குச் செல்லவும், கருவுற்ற பெண் மருத்துவமனையை அடையவும், விளைபொருள் சந்தையைச் சேரவும் வேண்டிய சாலையும் பேருந்தும் உரிமைகள். விருந்தினர்க்கான விடுதியும் கேளிக்கைக் கூடமும் வசதிகள். வசதிகளைக் குறைத்துக்கொள்ளலாம், உரிமைகளைக் குறைக்க இயலாது. காட்டைக் காப்பதாகக் கூறி மலைமக்களின் சாலையைத் தடுப்பதும், மலைமக்களின் பெயரைச் சொல்லி விடுதிகளை எழுப்புவதும் ஒரே அளவிற்குப் பிழையானவை.

பிற இடங்கள் கற்பிப்பவை

உலகின் முதல் தேசியப் பூங்காவாகிய யெல்லோசுடோன் 1872ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றியது. இயற்கையை மக்களின் மகிழ்ச்சிக்காகக் காத்தல் என்னும் உயர்ந்த எண்ணத்தின் விளைவு அது. ஆயினும், தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த பழங்குடியினர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். வீட்டாரை வெளியேற்றிவிட்டு விருந்தினர்க்குக் கதவு திறந்த கதை அது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காடுவாழ் மக்களின் உரிமைகளை ஏற்று, கிராம சபைக்கு முதன்மையான இடம் தந்தது.

தாய்லாந்தின் மாயா கடற்கரை, பெருங்கூட்டத்தால் பவளப்பாறைகள் சிதைந்தமையால் 2018ஆம் ஆண்டு மூடப்பட்டது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்பட்டபோது வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஓய்வு மனிதர்க்கு மட்டுமன்றி, ஓய்வளிக்கும் இடத்திற்கும் தேவை என்பதை அது காட்டியது. தமிழ்நாட்டிலும் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகளில் செல்வோர் மின்னணு அனுமதிச்சீட்டுப் பெறும் முறை வந்தது.

இவற்றினும் நெருங்கிய எடுத்துக்காட்டு கோயம்புத்தூர் மாவட்டத்தின் பரளிக்காடு. பவானி ஆற்றின் பில்லூர் நீர்த்தேக்கக் கரையில், மலைகள் சூழ அமைந்த அச்சிற்றூரில் வனத்துறையும் பழங்குடி மக்களும் இணைந்து சூழல் சுற்றுலாவை நடத்தி வருகின்றனர். முன்பதிவு செய்தவர் மட்டுமே செல்லலாம். பரிசல் ஓட்டுபவரும் உணவு சமைப்பவரும் அவ்வூர் மக்களே. அங்கே விருந்தினர் உண்டு, வீட்டாரும் உண்டு. பச்சைமலைக்கும் புளியஞ்சோலைக்கும் பொருந்தக்கூடிய வழி இதுவே.

விருந்தினர் அறம்

வெறுங்கையோடு செல்லாதிருத்தல் விருந்தினர் அறத்தின் முதற்கூறு. மலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவை பொருள்கள் அல்ல; அறிவும் ஆர்வமும். ஒரு மரத்தின் பெயரையேனும் ஒரு பறவையின் குரலையேனும் அறிந்து திரும்புபவர், அந்த இடத்தைக் காக்க வேண்டும் என்னும் விருப்பத்தோடு திரும்புகிறார். மலையூரில் விளைந்த பலாவையும் சாமையையும் அம்மக்களிடமே விலை பேசாது வாங்குபவர், அவர்களின் வாழ்வுக்குத் துணையாகிறார்.

இலையை மடித்தல் இரண்டாம் கூறு. கொண்டுசென்ற ஒவ்வொன்றையும் திரும்பக் கொண்டுவருதலே அது. துப்புரவுப் பணியாளர் அள்ளுவார் என்று எறிபவர், தம் இன்பத்தின் செலவை மற்றொருவர் முதுகில் ஏற்றுகிறார்.

சுமையாகாதிருத்தல் மூன்றாம் கூறு. ஒலிபெருக்கியின் ஓசை அருவியின் ஓசையை விழுங்கும்போது, அங்குச் சென்றதன் பயனே அழிகிறது. செல்லத் தடைவிதித்த நாளில் செல்லாதிருப்பதும், நிரம்பிய இடத்தைவிட்டு விலகி மற்றொரு நாள் வருவதும் இவ்வறத்தின் பகுதிகளே.

ஓடும் ஆறு எவரையும் தடுப்பதில்லை, எவரிடமும் முறையிடுவதுமில்லை. பேசாத வீட்டாரிடம் நடந்துகொள்ளும் முறையே விருந்தினரின் பண்பை அளக்கும் கோல். இன்று பதினொன்றாம் வகுப்பில் பயிலும் தலைமுறை, தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அய்யாற்றின் கரைக்கு வரும் நாளில், பாறைகளுக்கிடையே நீர் தெளிந்து ஓடுமா என்பது அத்தலைமுறையின் இன்றைய நடத்தையிலேயே அடங்கியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

புளி + அம் + சோலை = புளியஞ்சோலை. புளி என்னும் மரப்பெயர் வருமொழியோடு சேரும்போது இடையில் ‘அம்’ சாரியை தோன்றி, ‘ம்’ என்பது சகரத்திற்கு இனமான ‘ஞ்’ ஆகத் திரிந்தது. புளியங்கிளை, புளியம்பழம் ஆகியவற்றிலும் ‘அம்’ சாரியை வந்துள்ளதை அறிக.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மலை, ஆறு, ஏரி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கு வருவோர் பின்பற்ற வேண்டிய நெறிகளை எழுதி வகுப்பறையில் படிக்க.

2. ‘சுற்றுலா இடங்களுக்கு வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும்’ – இக்கருத்திற்கு ஆதரவாகவும் எதிராகவும் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக.

3. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள செடிகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகளை உற்றுநோக்கி, செடியின் பெயரையும் பூச்சியின் நிறத்தையும் குறிப்பேட்டில் பதிவு செய்க.